காத்திருப்பைக் கணக்கெடுத்தோம்: ஒரு சாலைப் பணியில் ஆள், இயந்திரம், பொருள்

பெரும்பாலான சாலைப் பணிகளில் இயந்திரக் கணக்கு ஹவர் மீட்டரை வைத்துத்தான் நடக்கிறது. அந்த மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: என்ஜின் ஓடுகிறதா இல்லையா. எக்ஸ்கவேட்டர் மண்ணை வெட்டி அள்ளினாலும் சரி, டிப்பர் வரும்வரை பக்கெட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாலும் சரி, எண் ஒரே வேகத்தில்தான் ஏறும். பழைய இருவழிச் சாலையை அகலப்படுத்தி உயர்த்தும் ஒரு பணியில் வளங்களைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அந்த மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கைத் தொடங்கினேன். அந்தக் கணக்கு என்ன காட்டியது, அதை வைத்து எதையெல்லாம் மாற்றினோம் என்பதுதான் இந்தப் பதிவு.

வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 10 கிலோமீட்டர் நீளம். முடிவில் 7 மீட்டர் அகலத் தார்த்தளம். இடையிடையே கல்வெர்ட்டுகள், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலங்கள். ஒரு முனையில் பாறையை ஜல்லியாக உடைக்கும் கிரஷரும், ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டும். போக்குவரத்தை முழுதாக நிறுத்த முடியாது என்பதால் தார்த்தளத்தைப் பாதிப் பாதி அகலமாகத்தான் போட முடியும்.

முதல் வேலை: மூன்று பத்தி நோட்டு

ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் ஒரு சின்ன நோட்டு கொடுத்தோம். அதில் மூன்றே பத்திகள். வேலை செய்த நேரம், ஓடிக்கொண்டே காத்திருந்த நேரம், அணைந்து நின்ற நேரம். காத்திருந்தால் காரணத்துக்கு ஒரு எழுத்து: பொருள் வரவில்லை, லாரி வரவில்லை, சர்வே மட்டம் (எந்த உயரத்துக்கு நிரப்புவது என்ற குறி) கிடைக்கவில்லை, சோதனை முடிவு வரவில்லை, என்ன செய்வதென்று சொல்ல ஆள் இல்லை, பழுது, மழை. நிமிடக் கணக்கில் துல்லியம் கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒரு கோடு போட்டால் போதும் என்றோம்.

இதில் ஒரு விஷயத்தை முதல் நாளே தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நோட்டு ஆபரேட்டரைப் பிடிப்பதற்கு இல்லை. அவர் காத்திருந்தால் அது அவருக்கு வேலை கொடுக்க வேண்டியவர்களின் கணக்கு. இதை ஃபோர்மேன் முன்னால் சொன்ன பிறகுதான் நோட்டில் உண்மையான கோடுகள் விழ ஆரம்பித்தன. காத்திருந்ததாக எழுதினால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த நோட்டும் பொய்தான் சொல்லும்.

சில வாரங்கள் சேர்த்துப் பார்த்தபோது பழுதும் மழையும் மேலே வரவில்லை. மண்ணைச் சமமாகப் பரப்பும் கிரேடரும் அதை இறுக்கும் ரோலரும் அதிகம் நின்றது இரண்டு காரணங்களால்: சர்வே மட்டம் வைக்கப்படவில்லை, அடுக்கின் அடர்த்திச் சோதனை முடிவு வரவில்லை. மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் பங்கு உள்ள இரண்டு குழுக்கள் அவை. லெவல் கருவியோடு இரண்டு பேர், ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன். அவர்களுக்காகக் காத்திருந்தவை பணியிலேயே விலை உயர்ந்த இயந்திரங்கள். எந்தப் பணிக்குப் போனாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: விலை குறைந்த எந்த வளத்துக்காக விலை உயர்ந்த வளம் நிற்கிறது?

சர்வேக்கு இன்னொரு குழுவைச் சேர்த்தோம். காலையில் இயந்திரங்கள் வருவதற்கு முன்பே அன்றைய நீளத்துக்குக் குச்சி அடித்து மட்டம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஒரு மணி நேரம் முன்னால் போவார்கள்.

சோதனைக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மண்ணை எவ்வளவு ஈரத்தில் உருட்டினால் அதிகபட்சம் இறுகும் என்பதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் முறையை 1933-இல் ரால்ஃப் பிராக்டர் வெளியிட்டார். இன்றும் சாலையைத் தாங்கும் மண் கரை வேலை அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. தளத்தில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியின் கன அளவை மணல் நிரப்பி அளந்து, அடர்த்தியைக் கணக்கிடுகிறோம். இதில் நேரம் பிடிப்பது ஈரம் காணும் பகுதி. அடுப்பில் 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் காய வைத்து எடை நிலைப்பதற்கு ஓர் இரவு ஆகிவிடும். அதுவரை அடுத்த அடுக்கு மண் கொட்ட முடியாது. கால்சியம் கார்பைடு பொடியைப் பயன்படுத்தும் ரேப்பிட் மாய்ஸ்ச்சர் மீட்டர் அதே ஈரத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். இரண்டு முறையிலும் ஒரே மண்ணைப் பல தடவை சோதித்து, வித்தியாசம் எவ்வளவு என்று அட்டவணை போட்டு, மேற்பார்வைப் பொறியாளரிடம் ஒப்புதல் வாங்கினோம். அன்றே மேலே போக அனுமதி ரேப்பிட் மீட்டரை வைத்து. பதிவேட்டுக்கு அடுப்பு முடிவு மறுநாள். கிரேடரின் நோட்டில் அந்த எழுத்து கிட்டத்தட்ட மறைந்தே போனது.

சுவரில் ஒட்டிய படம்

திட்டமிடலுக்கு எல்லோரும் முதலில் எடுப்பது பட்டை விளக்கப்படம். ஹென்றி கான்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியது. ஒரு கட்டடத்துக்கு அது நன்றாக உதவும். சாலையில் அதற்கு ஒரு குறை உண்டு: வேலை எப்போது நடக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. "மண் வேலை, 100 நாள்" என்று ஒரு பட்டை இருந்தால், 40-வது நாளில் எந்த செயினேஜில், அதாவது சாலைத் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டரில், கிரேடர் நிற்கும் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான கிரிட்டிகல் பாத் முறையும், எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதைத்தான் பிரதானமாகப் பார்க்கிறது.

சாலைக்குப் பொருந்துவது காலம்-தூரப் படம். கிடைமட்டத்தில் செயினேஜ், செங்குத்தில் நாட்கள். ஒவ்வொரு வேலையும் ஒரு சாய்கோடு. நாட்கள் கீழிருந்து மேலே ஏறுவதால், படுத்த கோடு வேகமான வேலை, நிமிர்ந்த கோடு மெதுவான வேலை. கணினியிலும் வரையலாம். நான் பெரிய வரைபடத் தாளில் கையால் வரைந்து சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஃபோர்மேன்கள் வந்து பென்சிலால் அன்றைய இடத்தைக் குறிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கையால் வரைந்தேன்.

அந்தப் படம் சொன்ன முதல் விஷயம் இது. மண் கரை ஒரு நாளுக்கு 100 மீட்டர் முன்னேறினால் 10 கிலோமீட்டருக்கு 100 வேலை நாட்கள். அதன் மேல் வரும் ஜல்லி அடுக்கு ஒரு நாளுக்கு 150 மீட்டர் போகக்கூடியது, அதற்கு 67 நாட்கள் போதும். மண் வேலை தொடங்கிய அடுத்த வாரமே ஜல்லிக் குழுவை இறக்கினால் இரண்டு வாரத்திலேயே முன்னால் போகிறவர்களின் முதுகில் முட்டிக்கொள்வார்கள். பிறகு கடைசி வரைக்கும் மண் வேலையின் வேகத்தில்தான் நகர முடியும். இருவரும் ஒன்றாக முடிக்க வேண்டுமானால் வேகமானவர் 33 நாட்கள் தாமதித்துத் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் இடைவெளி வைத்து, சுமார் 40 நாட்கள் என்று எடுத்துக்கொண்டோம். வாடகைக்கு வரும் இயந்திரத்தை எந்தத் தேதியில் வரவழைப்பது என்பதை இந்தக் கோடுகளே சொல்லிவிட்டன.

அடுத்தது கல்வெர்ட். மற்ற கோடுகள் நீளவாட்டில் நகரும். கல்வெர்ட் ஒரே செயினேஜில் பல வாரம் நிற்கும் ஒரு செங்குத்துக் கோடு. மண் வேலைக் கோடு அந்த இடத்துக்கு வரும்போது அது முடியாமல் இருந்தால் கரையில் ஒரு இடைவெளி விழும். கிரேடர் திரும்ப வேண்டும், டிப்பர் சுற்றிப் போக வேண்டும், பிறகு அந்தச் சின்னத் துண்டை மட்டும் நிரப்பி இடுக்கில் சின்ன ரோலரை வைத்து இறுக்க வேண்டும். சாலை திறந்த பிறகு கல்வெர்ட்டை ஒட்டி வண்டி குலுங்கும் இடங்கள் பெரும்பாலும் இப்படி அவசரமாக நிரப்பிய துண்டுகள்தான். கம்பி கட்டும் ஆட்களையும் கான்கிரீட் வார்க்கும் ஷட்டரிங் பலகைகளையும் நீளம் முழுக்கப் பரப்பி வைக்கும் யோசனையை விட்டு, மண் வேலைக் கோடு எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் கல்வெர்ட்டுகளை எடுத்தோம். பலகை ஒரு செட் கழன்றதும் அடுத்த கல்வெர்ட்டுக்குப் போகும்.

மண்ணுக்கு மூன்று கன அளவு

டிப்பர் எண்ணிக்கையில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. ஒரு கன மீட்டர் மண் என்று சொன்னால், எங்கே இருக்கும் மண் என்று கேட்க வேண்டும். வெட்டும் இடத்தில் இயற்கையாக இருக்கும் 1 கன மீட்டர், அள்ளி டிப்பரில் போட்டால் பொலபொலவென்று உப்பி ஏறக்குறைய 1.25 ஆகும். கரையில் கொட்டி இறுக்கினால் 0.9 ஆகச் சுருங்கும். மண்ணின் வகையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், எங்கள் மண்ணுக்கு இது கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

ஒரு நாளில் கரையில் இறுகிய நிலையில் 800 கன மீட்டர் வேண்டும். அப்படியானால் வெட்டும் இடத்தில் 889. டிப்பரில் ஏற்றும்போது 1,111. 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பருக்கு 111 நடை. வரைபடத்திலிருந்து 800-ஐ நேராக எடுத்து 80 நடை என்று போட்டால், தினமும் 31 நடை குறையும். ஒரு டிப்பர் நாளுக்கு 11 நடை போகிறதென்றால் அது கிட்டத்தட்ட மூன்று டிப்பர். அந்த மூன்று வண்டி இல்லாமல் கிரேடரும் ரோலரும் பிற்பகலில் நிழலில் நிற்கும், எல்லோரும் டிரைவர்களைத் திட்டுவார்கள்.

தண்ணீர்: யாரும் பட்டியலில் எழுதாத பொருள்

ஜல்லிக்கும் தாருக்கும் சிமெண்டுக்கும் கொள்முதல் அட்டவணை இருக்கும். தண்ணீருக்கு இருக்காது. ஆனால் மண் வேலையில் தண்ணீர் இல்லையென்றால் ரோலர் எத்தனை முறை போனாலும் பயனில்லை.

கணக்கு எளிது. மண்ணின் உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.8 டன். இயற்கையான ஈரம் 6 சதவீதம், சரியாக இறுகத் தேவையான ஈரம் 11 சதவீதம். பரப்பிக் கலக்கும்போது ஆவியாகும் ஈரத்துக்கு 1.5 சதவீதம் சேர்த்தால், ஊற்ற வேண்டியது 6.5 சதவீதம். 1,800 கிலோவில் அது 117 லிட்டர். நாளுக்கு 800 கன மீட்டர் என்றால் 93,600 லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் 9 அல்லது 10 நடை, மண்ணுக்கு மட்டும். கான்கிரீட்டை ஈரமாக வைத்துப் பதப்படுத்துவதற்கும் புழுதி அடக்குவதற்கும் ரோலர் தொட்டிக்கும் தனி.

எங்கள் தண்ணி லாரியின் ஒரு சுற்றை நேரம் பார்த்தேன். பம்பு நிமிடத்துக்கு 500 லிட்டர் என்பதால் நிரப்ப 20 நிமிடம், போக 15, தெளிக்க 20, திரும்ப 15. மொத்தம் 70 நிமிடம். 9 மணி நேரத்தில் 7 நடைக்கு மேல் வராது. இன்னொரு லாரி வாடகைக்கு எடுப்பதாகப் பேச்சு வந்தது. அதற்குப் பதிலாகத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் உயரமான மேடை கட்டி ஒரு பெரிய தொட்டியை வைத்தோம். பம்பு இரவு முழுக்கவும், பகலில் லாரி போன நேரத்திலும் நிதானமாக ஏற்றிக்கொண்டே இருக்கும். பெரிய குழாயைத் திறந்தால் லாரி சுமார் 5 நிமிடத்தில் நிரம்பும். சுற்று 55 நிமிடமாகக் குறைந்தது, அதே லாரி 9 நடை தாண்டியது. லாரி வரும் வேளையில் பம்பு ஓடி, லாரி போன பிறகு பம்பு சும்மா நிற்பதுதான் அங்கே இருந்த காத்திருப்பு. நோட்டு கொடுக்காத ஒரு இயந்திரத்தின் காத்திருப்பு அது.

மழை வரும் அறிகுறி தெரிந்தால் தண்ணீர்க் கணக்கு தலைகீழாகும். அன்று மாலைக்குள் உருட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் மண் பரப்பக் கூடாது. பரப்பியதை வழவழப்பான உருளையால் மூடி, பக்கச் சரிவு வைத்து விட்டால் மழைநீர் வழிந்துவிடும். பரப்பி உருட்டாமல் விட்ட மண் ஒரு இரவு மழையில் சேறாகிவிட்டால் அதைக் காய வைக்கப் பல நாள் பிடிக்கும், இல்லாவிட்டால் வெட்டி எறிய வேண்டும்.

தார் போடும் நாள்

இங்கேதான் வளங்கள் ஒன்றோடொன்று மிகவும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மண் கரையில் ஒரு டிப்பர் அரை மணி தாமதித்தால் அரை மணிதான் போகும். சூடான கலவையில் தாமதம் அப்படியே சாலையின் தரமாக மாறிவிடும்.

எங்கள் பிளான்ட்டின் பெயர்ப்பலகை மணிக்கு 120 டன் என்று சொன்னது. நான் திட்டத்தில் எடுத்தது 90. காரணம் ஜல்லியில் இருக்கும் ஈரம். 1 டன் கல்லைச் சாதாரண வெப்பத்திலிருந்து 160 டிகிரி வரை சூடாக்கச் சுமார் 120 மெகாஜூல் போதும். அதில் 1 சதவீத ஈரம் இருந்தால் அது 10 கிலோ தண்ணீர், அதை ஆவியாக்கி விரட்ட இன்னும் சுமார் 26 மெகாஜூல். 3 சதவீத ஈரம் என்றால் 78. கல்லைச் சுட வேண்டிய வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான வெப்பம் தண்ணீரை விரட்டவே கூடுதலாகப் போகிறது. அவ்வளவு எரிபொருளும் போகிறது, ஜல்லியைக் காய வைக்கும் டிரையரின் வேகமும் குறைகிறது. ஈரத்தை அதிகம் பிடித்து வைப்பது கிரஷர் தூள்தான். எல்லாக் குவியலுக்கும் கூரை போட முடியாது, ஆனால் தூள் குவியலுக்கு மட்டும் கூரை போட்டு, அடியில் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டுத் தண்ணீர் வடிய விட்டோம். மழைக்கால மாதங்களில் பிளான்ட் வேகத்தை அதிகம் காப்பாற்றியது அந்தக் கூரை.

இனி சங்கிலிக் கணக்கு. 3.5 மீட்டர் அகலம், இறுகிய பிறகு 50 மில்லிமீட்டர் தடிமன், அடர்த்தி கன மீட்டருக்கு 2.35 டன். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.411 டன். மணிக்கு 90 டன் வந்தால் 219 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 3.6 மீட்டர். கலவையைச் சாலையில் பரப்பும் பேவர் இந்த வேகத்தில்தான் போக வேண்டும். அதற்குமேல் போகும் திறன் அதற்கு உண்டு, ஆனால் போனால் கலவை தீர்ந்து நிற்கும். பேவர் நின்றால் பின்னால் தளத்தை மட்டமாக்கும் ஸ்கிரீடுக்குக் கீழே கலவை ஆறிப்போய், மறுபடி கிளம்பும்போது அந்த இடத்தில் ஒரு மேடு விழும். எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே நாங்கள் 3.6-ஐக்கூட வைக்கவில்லை, 3.2-இல் ஓட்டினோம். முன்னால் எப்போதும் ஒன்றிரண்டு லாரி வரிசையில் இருக்கும்படி மெதுவாக, நிற்காமல். வேகமாக ஓட்டி நின்று நின்று போவதைவிட நாள் முடிவில் நீளமும் அதிகம் வந்தது, மேற்பரப்பும் சமமாக இருந்தது.

லாரி எத்தனை வேண்டும்? 15 டன் லாரி ஒன்றை நிரப்ப 10 நிமிடம். எடை போட்டுத் தார்ப்பாய் மூட 8, போக 35, வரிசையில் நின்று பேவரில் கொட்ட 17, திரும்ப 30. சுற்று 100 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு லாரி கிளம்புவதால் 10 லாரி. வேலை தள்ளித் தள்ளிப் போய், போகவும் வரவும் 10 நிமிடம் கூடினால் சுற்று 120 நிமிடம், 12 லாரி. ஒரே எண்ணிக்கையைப் பணி முழுக்க வைத்திருக்க முடியாது. பிளான்ட்டுக்குப் பக்கத்தில் போடும்போது லாரிகள் நீண்ட வரிசையில் நிற்கும், தூரத்தில் போடும்போது பேவர் நிற்கும். முந்தின நாள் மாலையே மறுநாள் செயினேஜை வைத்து எண்ணிக்கையைத் தீர்மானித்துச் சொல்லிவிடுவோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் லாரிகள் கூட்டமாக வரும் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் நாள் முழுக்க ஒன்றாகவே சுற்றும். பேவர் முன்னால் அரை மணி நேரம் ஐந்து லாரி, அடுத்த அரை மணி நேரம் யாருமில்லை. லாரி போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். காலையில் 10 நிமிட இடைவெளியில் அனுப்புவதும், பகலில் இரண்டு லாரி சேர்ந்துவிட்டால் பின்னதைப் பிளான்ட் வாசலில் சில நிமிடம் நிறுத்துவதும் போதுமானதாக இருந்தது. டிரைவர்களுக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் இது நடக்காது, ஒருவரை ஒருவர் முந்தத்தான் பார்ப்பார்கள். நாள் கூலிக்கு மாற்றிய பிறகுதான் இடைவெளி நிலைத்தது.

இன்னொரு கணக்கை எல்லோருக்கும் காட்டினேன். பேவர் திடீரென்று பழுதாகி நின்றால், அந்த நொடியில் வழியில் மூன்று நான்கு லாரி கலவையோடு வந்துகொண்டிருக்கும், வரிசையில் இரண்டு நிற்கும். 80, 90 டன் சூடான கலவை போக இடமில்லாமல் ஆறிக்கொண்டிருக்கும். அதனால் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பேவர் ஃபோர்மேனுக்கே. பிளான்ட் யாரிடமும் கேட்காமல் அவர் போனுக்குக் கட்டுப்பட வேண்டும். பேவரின் ஹைட்ராலிக் ஹோஸ், கன்வேயர் சங்கிலி, சென்சார், ஸ்கிரீட் சூடாக்கும் பாகங்கள் எல்லாம் ஸ்டோரில் இல்லாமல், பேவர் கூடவே வரும் வண்டியில் இருக்கும்.

ரோலர் பக்கம் நேரம்தான் வளம். கலவை சுமார் 140 டிகிரியில் விழுந்தால், 80, 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் இறுக்கி முடிக்க வேண்டும். காற்றும் தரைச் சூடும் இதை மாற்றும். தடிமன் இன்னும் பெரிதாக மாற்றும். அடுக்கு பாதித் தடிமன் ஆனால் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். அகலத்தை, முன்னும் பின்னும் இரும்பு உருளை உள்ள டேன்டம் ரோலர் மூன்று பட்டையாக எடுத்து, பட்டைக்கு நான்கு முறை போனால் மொத்தம் 12 ஓட்டம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரம் போக முக்கால் பங்குத் திறனில், நிமிடத்துக்கு 5.2 மீட்டர் தளம் முடிக்கும். பேவரின் 3.2-க்கு ஒரு டேன்டம் தாராளம். பின்னால் டயர் ரோலர், கடைசியில் கோடு நீக்க இன்னொரு டேன்டம். ரோலரில் தண்ணீர் தீர்ந்தால் உருளையில் தார் ஒட்டும், நிரப்பப் போனால் அந்தப் பத்து நிமிடத்தில் தளம் ஆறும். ஆகவே தண்ணி வண்டி ரோலரைத் தேடி வரும், அதுவும் லாரி மாறும் இடைவேளையில்.

ரோலர் ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அகலமான இயந்திரக் கூட்டத்தில் கடைசியாக நடப்பவர் அவர், எல்லோரும் மறந்துவிடும் ஆளும் அவர்தான். அடியில் சூடு, மேலே வெயில், ஒரே கோட்டில் முன்னும் பின்னும். ஆனால் அடர்த்தி முழுக்க அவர் கையில் இருக்கிறது. மாற்று ஆள் ஒருவரைச் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டோம். மாலைப் பகுதியில் எடுத்த சோதனைத் துண்டுகளின் அடர்த்தி காலைப் பகுதிக்குச் சமமாக வந்தது. இந்தச் செலவை எந்தப் பணியிலும் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

போக்குவரத்தை ஒரு பக்கம் ஒதுக்குவதும் நேரம் எடுக்கும். கூம்பு வைத்து, பலகை நிறுத்தி, கொடி காட்டும் ஆட்களை நிறுத்த முக்கால் மணி. அடுக்குகளை ஒட்ட வைக்கும் டேக் கோட் அடித்து, அந்த எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பழுப்பிலிருந்து கருப்பாக மாறக் காத்திருக்க அரை மணி. மாலையில் கடைசித் தளம் ஆறித் திறக்கும் வரை இன்னும் ஒரு மணி. முந்தின நாள் இணைப்பை வெட்டி நேராக்கும் வேலையும் சேர்ந்தால், 10 மணி நேர நாளில் பேவருக்குக் கிடைப்பது 7 மணி. அந்த 7-ஐயும் பேவரின் 3.2 வேகத்தையும் வைத்துத்தான் நாளுக்குச் சுமார் 550 டன், பாதி அகலத்தில் சுமார் 1.3 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டோம். 10-ஐ வைத்துப் போட்ட திட்டத்தில் மாலை அவசரம் நிச்சயம், அவசரத்தில் முதலில் அடிபடுவது கொடி காட்டும் ஆட்களின் பாதுகாப்பு.

ஜல்லிக் குவியல்

கிரஷர் நமக்கு வேண்டிய விகிதத்தில் உடைத்துத் தராது. எங்களுடையது 100 டன் பாறைக்கு 20 மி.மீ. வகை 40 டன், 10 மி.மீ. 22 டன், தூள் 38 டன் என்ற அளவில் தந்தது. தார்க் கலவையின் கல் பங்கில் 20 மி.மீ. 25 சதவீதம், 10 மி.மீ. 30, தூள் 43, மீதி 2 ஃபில்லர் என்ற மிக நுண்ணிய பொடி. 10 மி.மீ. தான் முதலில் தீரும். 22 டன்னில் 73 டன் கலவைக்கு மேல் செய்ய முடியாது. அதற்குள் 20 மி.மீ. கல் 22 டன் மிஞ்சிக் குவியும். யார்டைப் பார்த்தால் மலை மலையாக ஜல்லி, ஆனால் பிளான்ட் கல் இல்லாமல் நிற்கும்.

இதற்கு இரண்டு வழி எடுத்தோம். மிஞ்சும் பெரிய கல்லைக் கீழ் ஜல்லி அடுக்கின் கலவையில் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அதிகம் சேர்த்தோம். தார் வேலை தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே 10 மி.மீ. கல்லைத் தனியாகச் சேர்த்து வைத்தோம். குவியலைக் கூம்பாக ஒரே இடத்தில் கொட்டினால் பெரிய கல் ஓரமாக உருண்டு பிரிந்துவிடும், ஆகவே அடுக்கடுக்காகப் பரப்பினோம். வாரம் ஒருமுறை சர்வே குழு குவியல்களை அளந்து, இத்தனை நாளுக்கு இருக்கிறது என்று அளவுவாரியாகச் சுவரில் எழுதும். டன்னில் எழுதினால் யாருக்கும் உறைக்காது. "10 மி.மீ. 6 நாள்" என்று எழுதினால் உடனே ஆள் நகரும்.

டீசலுக்கும் அதே நோட்டுதான் உதவியது. லிட்டரை ஹவர் மீட்டரால் வகுக்காமல், வேலை செய்த நேரத்தால் வகுத்தோம். ஒரு இயந்திரத்தின் எண் திடீரென ஏறினால் நின்று ஓடுகிறது, அல்லது சர்வீஸ் கேட்கிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. மூன்றில் எது என்று நோட்டின் அடுத்த பத்தியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முடியும் கட்டம்

கடைசி இரண்டு கிலோமீட்டரில் திட்டமிடல் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். மீதித் தளத்துக்கு எவ்வளவு கலவை, அதற்கு ஒவ்வொரு அளவுக் கல்லும் எவ்வளவு, குவியலில் எவ்வளவு என்று பார்த்து, கிரஷரை எந்த நாளில் நிறுத்துவது என்று தீர்மானித்தோம். 7 மீட்டர் அகலத்தில் 50 மி.மீ. அடுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 823 டன், அதில் தார் 5 சதவீதம் என்று எடுத்தால் 41 டன். கடைசி டேங்கர்களை இதை வைத்து வரவழைக்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தார்த் தொட்டியின் அடியில் சூடாக்கும் குழாய்கள் எப்போதும் தாரில் மூழ்கியே இருக்க வேண்டும். அந்த அளவு கணக்கில் இருப்பாகத் தெரியும், எடுத்துப் பயன்படுத்த முடியாது.

இயந்திரங்களையும் காலம்-தூரப் படத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினோம். மண் வேலைக் கோடு முடிந்த வாரத்தில் எக்ஸ்கவேட்டர்களும் பெரும்பாலான டிப்பர்களும் போயின. ஒரு கிரேடரையும் சின்ன ரோலரையும் மட்டும் ஓர மண் வேலைக்காக வைத்துக்கொண்டோம். சர்வே குழு இரண்டையும் கடைசி நாள் வரை விடவில்லை. இறுதி மட்டம், அகலம், சரிவு எல்லாம் அளந்து ஒப்படைக்கும் வேலை அவர்களுடையது. அந்த அளவு முடிந்தால்தான் இறுதி பில் போகும், பில் போனால்தான் எல்லோருக்கும் பாக்கி வரும்.